மழலையர் பள்ளியில் குழந்தைகள் பழகிக்கொள்ளுதல்

மழலையர் பள்ளி என்பது மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், தொடக்கப் பள்ளியில் சேர்வதற்கு முன், விளையாட்டின் வழியே கற்கும் இடமாகும். தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையம், எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள், தனியார் விளையாட்டுப் பள்ளி எனப் பல வடிவங்களில் இது நடைபெறுகிறது. வயதில் மூத்தவர்கள் இன்றும் பால்வாடி என்றே சொல்வார்கள். இலங்கைத் தமிழில் முன்பள்ளி என்பது வழக்கு. பெயர் எதுவானாலும், வீட்டைத் தவிர வேறு உலகம் அறியாத குழந்தை, வீட்டார் உடன் இல்லாமல் சில மணி நேரம் இருக்கப் பழகும் முதல் இடம் இதுவே.

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மழலையர் பள்ளி வாசலில் அழுகைக் குரல் கேட்பது வழக்கமான காட்சி. “நாலு நாள் அழும், அப்புறம் தானா சரியாயிடும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளின் அழுகை சில நாட்களில் அல்லது சில வாரங்களில் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த நாட்களில் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. ‘அழுதால் இங்கேயும் ஒருவர் வந்து தூக்குவார், அம்மா சொன்னபடி திரும்பி வருவார்’ என்று கற்றுக்கொண்ட குழந்தையும் அழுகையை நிறுத்தும். ‘அழுது பயனில்லை’ என்று கற்றுக்கொண்ட குழந்தையும் அழுகையை நிறுத்தும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பின்னர் பிற குழந்தைகளோடு பழகும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது.

பிரிவின் அச்சம் தோன்றும் விதம்

பிறந்து சில மாதங்கள் வரை பல குழந்தைகள் யார் கை நீட்டினாலும் போகும். ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் இதில் மாற்றம் வருகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே, கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்ற அறிவு குழந்தைக்கு இந்தப் பருவத்தில் உருவாகத் தொடங்குவதாக விளக்கினார். கிலுகிலுப்பையைத் துணியால் மூடினால், குழந்தை துணியை விலக்கித் தேடுகிறது. அதே காலத்தில்தான், அம்மா அறையை விட்டு வெளியே போனால் அழவும் தொடங்குகிறது. அம்மா வேறு எங்கோ இருக்கிறார் என்பது அதற்குத் தெரிகிறது. எப்போது வருவார் என்பது தெரியவில்லை.

இந்த அச்சம் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையே உச்சம் அடைந்து, மூன்று வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகளிடம் தணிகிறது. புதிய இடம், புதிய முகங்கள், பசி, தூக்கக் குறைவு ஆகியவை ஒன்றுசேரும்போது நான்கு வயதிலும் திரும்ப வரலாம். வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்திருக்கும் நேரத்தில் பள்ளியில் சேர்க்கப்படும் குழந்தைக்குச் சுமை இன்னும் கூடுதல். ‘பாப்பா அம்மாவோடு இருக்கிறது, என்னை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்கள்’ என்று அது எண்ணக்கூடும்.

ஆகவே வாசலில் அழும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்றோ, செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்டது என்றோ கருதுவது பொருந்தாது. தன்னைக் காக்கும் ஆளை அடையாளம் கண்டு, அவரை விடாமல் பிடித்துக்கொள்ளத் தெரிந்த குழந்தை அது. எல்லாக் குழந்தைகளும் அழுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தையின் இயல்பும், முன்பு உறவினர் வீடுகளில் தங்கிய அனுபவமும் இதில் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

பிணைப்பு பற்றிய ஆய்வுகள்

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உள்ள பிணைப்பை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990). அஞ்சும்போது குழந்தை தனக்குப் பழகிய ஆளை நாடுகிறது. அச்சம் தணிந்ததும் மீண்டும் விளையாடவும் சுற்றிப் பார்க்கவும் செல்கிறது. இந்த இரண்டும் ஒரே அமைப்பின் இரு பக்கங்கள் என்பது அவருடைய கருத்தின் சாரம்.

அவருடன் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த், 1950களில் உகாண்டாவின் கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் அவர்களுடைய வீடுகளுக்கே சென்று கவனித்தார். தவழும் குழந்தை தாயை விட்டுச் சிறிது தூரம் போகும், திரும்பிப் பார்க்கும், ஒருமுறை வந்து தொட்டுவிட்டு மீண்டும் போகும். தாயைத் தளமாகக் கொண்டு குழந்தை உலகத்தை ஆராய்கிறது என்று அவர் விளக்கினார். திருமண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ ஒரு குழந்தையைச் சற்று நேரம் கவனித்தால் நாமும் இதைக் காணலாம். மழலையர் பள்ளியில் அந்தத் தளம் காணாமல் போகிறது. வேறொரு ஆள் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும் வரை, குழந்தைக்கு விளையாட்டிலும் பிற குழந்தைகளிடமும் மனம் செல்வது கடினம்.

அப்படி ஒரு ஆள் கிடைக்காதபோது நேர்வதை ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜோய்ஸ் ராபர்ட்சன் என்ற தம்பதியர் 1969இல் வெளியிட்ட ஆவணப்படம் காட்டுகிறது. இங்கிலாந்தில் பதினேழு மாதச் சிறுவன் ஒருவன், தாய் அடுத்த பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாட்களும் ஒரு தங்கும் காப்பகத்தில் விடப்படுகிறான். அங்கிருந்த செவிலியர்கள் அன்பானவர்களே. ஆனால் இந்தக் குழந்தைக்கு இவர் என்று யாரும் இல்லை. பணி மாறும்போது ஆட்களும் மாறினார்கள். சிறுவன் ஒவ்வொருவரிடமும் மெல்ல நெருங்கிப் பார்க்கிறான். மற்றக் குழந்தைகள் முந்திக்கொள்கிறார்கள். நாட்கள் செல்லச் செல்ல உணவை மறுக்கிறான். ஒரு பெரிய கரடி பொம்மையிடம் ஆறுதல் தேடுகிறான். இறுதியில் தாய் வந்து அழைக்கும்போது அவரிடம் போக மறுத்துக் கதறுகிறான்.

இரவும் பகலும் காப்பகத்தில் தங்குவதும், காலையில் சென்று மதியமோ மாலையோ வீடு திரும்புவதும் ஒன்றல்ல. அந்தச் சிறுவனின் வயதும் குறைவு. ஆனாலும் மழலையர் பள்ளிக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. பொதுவான அன்பு மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. மாறாத ஒரு ஆள் தேவைப்பட்டார்.

பெர்லின் முறை

இந்தப் புரிதலை நடைமுறைக்குக் கொண்டுவந்த முறைகளுள் ஒன்று, ஜெர்மனியின் பெர்லின் நகரில் 1980களில் ஹான்ஸ்-யோவாகிம் லேவன், பேயாட்டே ஆண்ட்ரெஸ் ஆகியோர் உருவாக்கிய பழக்கப்படுத்தும் முறை. ஜெர்மன் நாட்டுக் குழந்தைகள் காப்பகங்கள் பலவற்றில் இது பின்பற்றப்படுகிறது.

இதன்படி முதல் மூன்று நாட்கள் தாயோ தந்தையோ குழந்தையுடன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வகுப்பறையிலேயே இருக்கிறார். அந்த நாட்களில் பிரிந்து பார்க்கும் முயற்சியே கிடையாது. பெற்றோர் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். குழந்தையை விளையாடச் சொல்லித் தள்ளமாட்டார். வந்து மடியில் ஏறினால் தடுக்கமாட்டார். ஆசிரியர் அவசரப்படாமல் விளையாட்டுப் பொருள் ஒன்றின் மூலம் குழந்தையை நெருங்குவார். நான்காம் நாளில் பெற்றோர் விடைபெற்றுக்கொண்டு சில நிமிடங்கள் மட்டும் வெளியே செல்கிறார். ஆனால் கட்டடத்திலேயே இருக்கிறார். குழந்தை அழுதாலும், ஆசிரியர் தூக்கியதும் ஆறுதல் அடைந்தால், பிரிவின் நேரம் நாளுக்கு நாள் கூட்டப்படுகிறது. ஆறுதல் அடையவில்லை என்றால் பெற்றோர் உடனே அழைக்கப்படுகிறார். அடுத்த முயற்சி சில நாட்கள் தள்ளிப்போகிறது.

குழந்தை பழகிவிட்டது என்று முடிவு செய்ய இந்த முறை வைத்திருக்கும் அளவுகோல் கவனிக்கத்தக்கது. அழாமல் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அழும்போது ஆசிரியரிடம் ஆறுதல் பெறுகிறதா என்று பார்க்கிறது.

தமிழ்நாட்டுச் சூழலில்

இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதன்கீழ் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் அமைந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள காலத்தை அடித்தள நிலை என்று வகுத்து, விளையாட்டு வழிக் கல்வியை அதற்கு உரியதாகக் கூறுகிறது.

ஓர் அங்கன்வாடி மையத்தில் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என இருவரே இருப்பது வழக்கம். சமையல், பதிவேடு, எடை பார்த்தல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெர்லின் முறையை அப்படியே பின்பற்ற அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கூலி வேலைக்குப் போகும் தாய் இரண்டு வாரம் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் அந்த நாட்களின் கூலி போய்விடும். ஆனால் அந்த முறையின் உள்ளீட்டை எளிய வழிகளில் செயல்படுத்த முடியும்.

முதலாவது, புதிய குழந்தைகள் அனைவரையும் ஒரே நாளில் சேர்க்காமல், நாளுக்கு இரண்டு மூன்று பேர் என்று பிரித்து வரச் சொல்லலாம். பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் அழும் அறையில், அழாத குழந்தையும் அழத் தொடங்கும்.

இரண்டாவது, புதிய குழந்தைகளைப் பணியாளரும் உதவியாளரும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம். காலையில் வாசலில் குழந்தையை வாங்குபவர், சாப்பிட வைப்பவர், தூங்க வைப்பவர் ஆகிய மூவரும் முதல் இரண்டு வாரம் ஒருவராகவே இருந்தால் நல்லது. பல மையங்களில் குழந்தைகள் முதலில் ஒட்டிக்கொள்வது ஆயா என்று அழைக்கப்படும் உதவியாளரிடம்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பிணைப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, தாயால் வர முடியாவிட்டால் பாட்டி, பெரியம்மா, சித்தி என வீட்டில் குழந்தைக்குப் பழகிய யாரும் முதல் சில நாட்கள் உடன் இருக்கலாம். முழு நாள் வேண்டியதில்லை. காலையில் அரை மணி நேரமும் பயன் தரும்.

அங்கன்வாடிக்குத் தனியார் பள்ளிகளுக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு. கர்ப்பிணியாக இருந்தபோதும், குழந்தைக்குச் சத்துமாவு வாங்கவும் எடை பார்க்கவும் தாய் அங்கு வந்திருப்பார். அந்த வருகைகளின்போது பணியாளர் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்துச் சிறிது நேரம் விளையாட வைத்தால், மூன்று வயதில் சேரும்போது அந்த இடமும் முகமும் குழந்தைக்குப் புதியவையாக இருக்காது.

விடைபெறும் முறை

பழக்கப்படுத்துவதில் பெரும்பாலான வீடுகளில் நேரும் தவறு, குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது சொல்லாமல் நழுவிவிடுவது. அந்த நேரத்து அழுகை இதனால் தவிர்க்கப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் திரும்பிப் பார்த்த குழந்தைக்கு, தான் கவனிக்காத நேரத்தில் அம்மா மறைந்துபோவார் என்பது பாடமாகிறது. மறுநாள் அது விளையாடவே போகாது. சேலை முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்ளும். வீட்டில் அம்மா குளிக்கப் போனாலும் கதவருகே நின்று அழும்.

விடைபெறுதல் மூன்று பண்புகளோடு இருக்க வேண்டும். சொல்லிவிட்டுப் போக வேண்டும். சுருக்கமாக இருக்க வேண்டும். நாள்தோறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கன்னத்தில் ஒரு முத்தம், கையில் ஒரு தட்டு, “டாட்டா” என்று வீட்டுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டு மீண்டும் மீண்டும் திரும்பி வருவதும், சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் குழந்தையின் தத்தளிப்பை நீட்டும்.

எப்போது திரும்பி வருவோம் என்பதைக் குழந்தைக்குப் புரியும் காலக் கணக்கில் சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டரை மணி என்பது ஒன்றையும் உணர்த்தாது. “சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்திரிச்சதும் அம்மா வருவேன்” என்றால், நாளின் நிகழ்ச்சிகளே அதற்குக் கடிகாரமாகும். ஆசிரியரும் அதையே சொல்லலாம்: “பாட்டு முடிஞ்சுது, அடுத்து சோறு, அப்புறம் தூக்கம், அப்புறம் அம்மா.” வகுப்பின் நிகழ்ச்சி வரிசை நாள்தோறும் மாறாமல் இருப்பது இதனால்தான் முக்கியமாகிறது. சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வருவதும் அவ்வளவு முக்கியம். முதல் வாரத்தில் அரை மணி நேரத் தாமதம், பல நாள் பழக்கத்தைக் கலைத்துவிடக்கூடும்.

அழும் குழந்தையிடம் ஆசிரியர் “ஒண்ணும் இல்ல, அழாதே” என்று சொல்வதைவிட, “அம்மா போயிட்டாங்கன்னு கஷ்டமா இருக்கு, இல்லையா? என் பக்கத்துல உட்காரு” என்று சொல்வது நல்லது. தன் உள்ளத்தில் நிகழ்வதற்கு ஒரு பெயர் உண்டு என்பதையும் குழந்தை இதிலிருந்தே கற்கிறது. பிறர் அழும்போது அவர்களுக்கும் கஷ்டமாக இருக்கும் என்று பின்னாளில் உணர்வதற்கு இது அடிப்படையாகும்.

வீட்டில் செய்யும் ஆயத்தம்

“இரு, உன்னை ஸ்கூல்ல சேர்த்தாத்தான் அடங்குவே”, “சொன்ன பேச்சு கேக்கலன்னா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்” என்ற மிரட்டல்கள் பல வீடுகளில் விளையாட்டாகச் சொல்லப்படுபவை. பள்ளி என்பது தண்டனை, ஆசிரியர் என்பவர் பூச்சாண்டி என்ற படத்தை இவை முன்கூட்டியே வரைந்துவிடுகின்றன. சேர்க்கைக்குப் பல மாதங்களுக்கு முன்பே இத்தகைய பேச்சைக் கைவிடுவது செலவில்லாத ஆயத்தம்.

கண்ணாமூச்சி, முகத்தைத் துணியால் மறைத்துத் திறக்கும் விளையாட்டு ஆகியவை, மறைந்தவர் திரும்ப வருவார் என்பதைச் சிரிப்போடு கற்றுத் தருகின்றன. பாட்டி வீட்டில் சில மணி நேரம் விட்டுவிட்டு வருவதும் நல்ல பயிற்சி. சிறுநீர், தண்ணீர், பசி, வலி ஆகியவற்றைச் சொல்லிக் கேட்கப் பழக்குவதும், சாப்பாட்டு டப்பாவைத் தானே திறக்கவும் செருப்பைத் தானே மாட்டவும் பழக்குவதும் எழுத்துக் கற்பிப்பதைவிட முதல் மாதத்தில் பயன்படும். உள்ளாடை நனைந்ததைச் சொல்லத் தெரியாமல் கூச்சத்தோடு ஒதுங்கி நிற்கும் குழந்தை யாருடனும் விளையாடப் போகாது.

சில குழந்தைகள் அம்மாவின் பழைய துப்பட்டாவையோ ஒரு பொம்மையையோ கையிலேயே வைத்திருக்கும். பிரிட்டன் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், 1953இல் வெளியான கட்டுரையில் இத்தகைய பொருள்களைத் தாய்க்கும் வெளியுலகுக்கும் இடையிலான பாலமாக விளக்கினார். பழகும் வரை அதைப் பள்ளிக்குக் கொண்டுவர விடுவது நல்லது. அதன் தேவை பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும்.

விளையாட்டின் படிகள்

ஆசிரியரிடம் பழகிய குழந்தை மெல்லப் பிற குழந்தைகளைப் பார்க்கத் தொடங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், மின்னசோட்டா பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் குழந்தைகளைக் கவனித்து, 1932இல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் விளையாட்டில் பங்கேற்பதை ஆறு வகையாகப் பிரித்தார். எதிலும் ஈடுபடாமல் இருத்தல், தனியே விளையாடுதல், பிறர் விளையாடுவதைப் பார்த்தல், பக்கத்தில் பக்கமாக விளையாடுதல், கலந்து விளையாடுதல், கூடி விளையாடுதல் என்பவை அவை.

சொப்பு வைத்து விளையாடும் குழந்தைகளிடம் இவற்றில் பலவற்றைக் காணலாம். இரண்டரை வயதில் இருவர் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் மற்றவரைக் கவனிக்காமல் தனித்தனியே சமைப்பார்கள். இது பக்கத்தில் பக்கமாக விளையாடுதல். மூன்று, மூன்றரை வயதில் “உன் கரண்டி குடு” என்று வாங்கிக்கொள்வார்கள். ஆனால் இருவர் சமையலும் வேறு வேறு. இது கலந்து விளையாடுதல். நான்கு, ஐந்து வயதில் “நீ அப்பா, நீ கடைக்குப் போ, நான் சோறு வைக்கிறேன்” என்று வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். கூட்டாஞ்சோறு ஆக்கும் விளையாட்டு இந்த நிலைக்குச் சரியான எடுத்துக்காட்டு.

இந்தப் படிகள் வயதோடு கண்டிப்பாகப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஐந்து வயதுக் குழந்தையும் விரும்பித் தனியே கட்டை அடுக்கலாம். ஓரமாக நின்று பார்க்கும் குழந்தையும் சும்மா இருப்பதில்லை. விளையாட்டின் விதிகளை மனத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிடுவது, பார்த்துக் கற்கும் வாய்ப்பைப் பறிப்பதாகும்.

பகிர்தலும் முறை காத்தலும்

மூன்று வயதுக் குழந்தையிடம் “குடுத்தாத்தான் நல்ல பிள்ளை” என்று பொம்மையைப் பிடுங்கிக் கொடுப்பது பகிர்தலைக் கற்பிக்காது. பெரியவர் பிடுங்கலாம் என்பதே அதில் கிடைக்கும் பாடம். பிறர் மனத்தில் இருப்பது தன் மனத்தில் இருப்பதிலிருந்து வேறுபடும் என்ற அறிவு இந்த வயதில் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு வயதை ஒட்டித்தான் குழந்தைகள் பிறருடைய தவறான நம்பிக்கையைப் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள் என்று காட்டியது.

ஆகவே மூன்று வயதில் பகிர்தலைவிட முறை காத்தல் எளிது. ஊஞ்சலில் ஒருவர் ஆடும்போது எல்லோரும் பத்து எண்ணுவது, அடுத்தவர் ஏறுவது என்று வைத்தால், காத்திருப்பதற்கு ஓர் எல்லை கிடைக்கிறது. எண்ணிக்கை முடிந்ததும் தன் முறை தவறாமல் வந்தால், காத்திருக்கலாம் என்ற நம்பிக்கை வளர்கிறது. அம்மா சொன்னபடி வருவார் என்பதில் கற்ற அதே பாடத்தின் தொடர்ச்சி இது. முதலில் விளையாட்டுச் சாமான்கள் ஒரே மாதிரியாக இரண்டு மூன்று இருப்பதும் சண்டையைக் குறைக்கும்.

சண்டை வந்தால் ஆசிரியர் நீதிபதியாகாமல், இருவருக்கும் சொல்லைக் கொடுப்பவராக இருக்கலாம். அடித்த குழந்தையின் கையைப் பிடித்து நிறுத்தி, “அடிக்கக் கூடாது. உனக்கு வண்டி வேணுமா? ‘எனக்குக் குடு’ன்னு கேளு” என்று சொல்லித்தர வேண்டும். அடிபட்ட குழந்தைக்கும் “‘அடிக்காதே, வலிக்குது’ன்னு சொல்லு” என்று கற்றுத் தர வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கும் மன்னிப்பைவிட, அழும் குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவந்து தரச் செய்வது பொருள் உள்ளது. கடித்ததற்குத் திருப்பிக் கடிப்பது, மூலையில் நிற்க வைப்பது, மற்றவர்கள் முன் கேலி செய்வது ஆகியவை குழந்தை அப்போதுதான் கண்டுகொண்ட பாதுகாப்பான ஆளையே இழக்கச் செய்யும்.

விளையாட்டுக்குள் நுழைதல்

ஜூனில் சேராமல் விஜயதசமி நாளில் சேரும் குழந்தைகள் தமிழ்நாட்டில் பலர். அவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அதற்குள் மற்றவர்கள் கூட்டாளிகளைப் பிடித்திருப்பார்கள். “நானும் வரேன்” என்று கேட்டால் “நீ வராதே” என்ற பதில் வரும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கோர்சாரோ, மழலையர் பள்ளியில் குழந்தைகளோடு நெடுநாள் தரையில் உட்கார்ந்து கவனித்தவர். இந்த மறுப்பு பெரும்பாலும் தன்னலத்தால் வருவதில்லை என்று அவர் விளக்கினார். சிறு குழந்தைகளின் விளையாட்டு எளிதில் உடைந்துவிடும். புதியவர் வந்தால் கலைந்துவிடுமோ என்று அதைக் காக்கிறார்கள். நேரடியாக அனுமதி கேட்பவரைவிட, அருகில் நின்று பார்த்து, நடப்பதற்குப் பொருத்தமான ஒன்றைச் செய்துகொண்டே சேர்பவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இதை ஆசிரியர் பயன்படுத்தலாம். “அவனையும் சேர்த்துக்கோங்க” என்று கட்டளையிடுவதற்குப் பதிலாக, புதிய குழந்தையின் கையில் இரண்டு புளியங்கொட்டையோ இலையோ கொடுத்து, “அவங்க கடை வச்சிருக்காங்க, நீ போய்ச் சாமான் வாங்கு” என்று அனுப்பலாம். கடைக்கு வாடிக்கையாளர் தேவை. ரயில் வண்டிக்கு இன்னொரு பெட்டி எப்போதும் பொருந்தும். யாரும் தோற்று வெளியேறாத இத்தகைய விளையாட்டுகள் முதல் மாதங்களுக்கு ஏற்றவை.

வீட்டு மொழி வேறாக இருக்கும்போது

திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் குடும்பங்களின் குழந்தைகள் தமிழ் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் குழந்தைகள் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் உண்டு. புதிய மொழிச் சூழலில் குழந்தை சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. இதை மந்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆசிரியர் அந்தக் குழந்தையின் மொழியில் அம்மா வருவார், தண்ணீர், வலி, சாப்பாடு, வா என்ற சில சொற்களைத் தாயிடம் கேட்டுக் கற்றுக்கொண்டால், பிரிவின் சுமை பாதியாகும். பாட்டும் கைதட்டலும் அபிநயமும் மொழி தெரியாமலே சேர்ந்து செய்யக்கூடியவை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

அழுகை வாசலோடு நின்று, சற்று நேரத்தில் குழந்தை விளையாட்டில் ஈடுபட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. திங்கட்கிழமையும் விடுமுறைக்குப் பின்னரும் அழுகை கூடுவதும் இயல்பு. வீடு திரும்பியதும் காரணமில்லாமல் சிணுங்குவதும் அடம்பிடிப்பதும், பகல் முழுதும் அடக்கியதை நம்பிக்கையான இடத்தில் கொட்டுவதாகும்.

பல வாரங்களுக்குப் பிறகும் பள்ளியில் உண்ணாமல் இருத்தல், யாரிடமும் ஆறுதல் பெறாமை, நின்றிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடர்தல், ஒரு குறிப்பிட்ட ஆளையோ அறையையோ கண்டு திடீரென அஞ்சுதல் ஆகியவை கவனிக்கப்பட வேண்டியவை. கடைசியாகச் சொன்னதில் குழந்தையைக் கண்டிக்காமல், பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். மிக அமைதியாக, கேட்டதைச் செய்துகொண்டு, யாரையும் நாடாமல் இருக்கும் குழந்தையும் இந்தப் பட்டியலில் சேரும். அழாததால் அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண் பார்க்காமை, சுட்டிக்காட்டாமை, வயதுக்கேற்ற பேச்சு இல்லாமை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடி மையங்களுக்கு ஆண்டுக்கு இரு முறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அந்த நாளில் பெற்றோர் உடன் இருந்து தாங்கள் கவனித்ததைச் சொல்வது பயன் தரும்.

பழகியதன் அடையாளம்

பள்ளியில் கீழே விழுந்த குழந்தை எழுந்து ஆசிரியரிடம் ஓடினால், அது பழகிவிட்டது என்று கொள்ளலாம். சில மாதங்களில் வீட்டுக்கு வந்து ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அதற்குக் கூட்டாளி கிடைத்துவிட்டார் என்று பொருள். “அவன் கூட டூ” என்று கோபித்துக்கொண்டு, மறுநாளே “பழம்” விட்டுவிட்டால், உறவு முறிந்தாலும் ஒட்டவைக்கலாம் என்று கற்றுவிட்டது.

பெற்றோர் பள்ளியின் நிலையை அறியக் குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதில்லை. வீட்டில் அது தானே டீச்சர் விளையாட்டு விளையாடும்; பொம்மைகளையும் தலையணைகளையும் வரிசையாக உட்கார வைக்கும். அப்போது குச்சியைக் கையில் எடுக்கிறதா, அழுகிற பொம்மையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், வகுப்பில் நடப்பது ஓரளவு தெரிந்துவிடும்.